வேலையின்மையை அளக்க எதை நம்புவது: வீட்டு சர்வேயா, பதிவேடா, சம்பளப் பட்டியலா?

வேலையில் இருப்பவருக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு வரி இருக்கும், வரிக் கணக்கில் ஓர் எண் இருக்கும். வேலை தேடி அலைபவருக்கு அப்படி ஒரு தடயம் எங்கும் விழுவதில்லை. அவரிடமே போய்க் கேட்டால்தான் தெரியும். வீட்டு சர்வேயின் பலம் இங்கேதான் இருக்கிறது. தொல்லையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. யார் கேட்டார், எப்படிக் கேட்டார், கதவைத் திறந்தது யார், பதில் சொன்னது யார் என்பதெல்லாம் கடைசியில் வெளிவரும் விகிதத்துக்குள் கலந்துவிடும்.

அதனால் "சர்வே நம்பகமானதா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. நாடு முழுவதற்குமான விகிதம், ஒரு மாவட்டத்தின் விகிதம், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசம், வேலையில்லாதவர்களில் எத்தனை பேர் தேடுவதையே விட்டுவிட்டார்கள் என்ற கணக்கு: இந்த நான்கையும் ஒரே சர்வே தருகிறது, ஆனால் நான்கும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. முதலாவதை நம்பலாம். கடைசியை மிகுந்த எச்சரிக்கையோடுதான் தொட வேண்டும்.

மூன்று கேள்வியும் ஒரு மணி நேரமும்

பெரும்பாலான நாடுகள் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வரையறையை ஒட்டியே கேட்கின்றன. குறிப்பிட்ட வாரத்தில் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? இல்லையென்றால், கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடி ஏதாவது செய்தீர்களா? வேலை கிடைத்தால் உடனே சேர முடியுமா? முதல் கேள்விக்கு "இல்லை", அடுத்த இரண்டுக்கும் "ஆம்" என்றால்தான் அவர் வேலையில்லாதவர். வேலையில் இருப்பவர்களும் வேலையில்லாதவர்களும் சேர்ந்ததுதான் தொழிலாளர் படை, தேடாமல் இருப்பவர் அதற்கே வெளியே போய்விடுவார். வேலையில்லாதவர்களைத் தொழிலாளர் படையால் வகுத்து வருவதுதான் விகிதம், அந்தப் பின்னத்தின் மேலேயும் கீழேயும் அவர் இருக்கமாட்டார்.

ஒரு மணி நேரம் என்ற வரம்பைக் கேட்டதும் பலர் சிரிப்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டின் உற்பத்திக் கணக்கில் அந்த ஒரு மணி நேர உழைப்பும் சேர்கிறது. உழைத்தவரை இந்தப் பக்கம் விட்டுவிட்டால் இரண்டு கணக்கும் ஒட்டாது. ஆனால் இதன் விளைவைப் புரிந்துகொள்ளாமல் விகிதத்தைப் படிக்கக் கூடாது. வேலையிழப்புப் படி எதுவும் இல்லாத இடத்தில் ஏழை சும்மா இருக்க முடியாது. கிடைத்த கூலிக்கு இரண்டு மணி நேரம் மூட்டை தூக்கியவரும் "வேலையில் இருப்பவர்"தான். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவரும் அப்படித்தான். அங்கே 3 சதவீதம் என்று வரும் விகிதத்தில் சர்வேயின் பிழை ஒன்றும் இருக்காது. அது அளக்கும் பொருளே அவ்வளவுதான். இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் 2013-இல் சர்வதேச தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு கூடுதல் அளவுகளைச் சேர்த்தது: போதிய மணி நேரம் கிடைக்காதவர்கள், வேலை செய்ய விரும்பியும் தேடாதவர்கள் ஆகியோரையும் கூட்டிக் காட்டும் அளவுகள் அவை. முறைசாராத் தொழில் அதிகமுள்ள நாட்டைப் பற்றி எழுதும்போது தனி வேலையின்மை விகிதத்தை மட்டும் எடுத்து வைப்பது பாதிக் கதைதான்.

குறிப்புக் காலம் மாறினாலும் எண் மாறும். இந்தியாவின் தொழிலாளர் படை சர்வே 2017-18-இல் வழக்கமான நிலை என்ற கணக்கில் 6.1 சதவீதம் காட்டியது. அதில் பார்ப்பது முந்தைய 365 நாட்களை. ஏழு நாட்களைப் பார்க்கும் வார நிலைக் கணக்கில் அதே சர்வே காட்டியது 8.9 சதவீதம். வீடுகளும் ஆட்களும் அவர்களேதான். வருடத்தில் பெரும்பகுதி வேலையில் இருந்து, சர்வே வந்த வாரத்தில் வேலை கிடைக்காதவர் முதல் கணக்கில் வேலையில் இருப்பவர், இரண்டாவதில் வேலையில்லாதவர். பத்திரிகைகளில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "உயர்ந்தது", "குறைந்தது" என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

"தேடினீர்களா" என்பதிலும் சிக்கல் உண்டு. விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் போதுமா, விண்ணப்பம் போட வேண்டுமா? கனடாவில் விளம்பரம் பார்ப்பதும் தேடல். அமெரிக்காவில் அது கணக்கில் வராது. இரு நாட்டு விகிதங்களை ஒப்பிடும்போது கனடாவின் புள்ளியியல் துறையே தன் எண்ணை அமெரிக்க வரையறைக்கு மாற்றித்தான் ஒப்பிடுகிறது.

சாம்பிள் எவ்வளவு தாங்கும்

தொழிலாளர் படையைச் சேர்ந்த 60,000 பேர் சாம்பிளில் இருக்கிறார்கள், உண்மை விகிதம் 5 சதவீதம் என்று வைப்போம். குலுக்கலில் ஒவ்வொருவராக எடுத்திருந்தால் பிழை எல்லை 95 சதவீத நம்பிக்கையில் (நூறு முறை எடுத்தால் சுமார் 95 முறை உண்மை இதற்குள் இருக்கும்) ±0.17 சதவீதப் புள்ளி. நிஜத்தில் யாரும் அப்படி எடுப்பதில்லை. தெருத் தெருவாக, கொத்துக் கொத்தாக எடுக்கிறார்கள். பக்கத்து வீடுகள் ஒன்றுபோல இருப்பதால் தகவல் குறைகிறது. அந்த வகையில் பிழையின் வர்க்கம் இரண்டு மடங்கானால் எல்லை ±0.25 ஆகும். 5.0 என்று வந்தால் 4.8-ம் இருக்கலாம், 5.2-ம் இருக்கலாம். நாட்டளவுக்கு இது நல்ல அளவீடு.

அதே சர்வேயில் ஒரு மாவட்டத்தைத் தனியே பிரித்தால் தொழிலாளர் படையில் 1,000 பேர் கிடைப்பார்கள் என்று கொள்வோம். எல்லை ±1.9 ஆகிவிடும். 5 சதவீதம் என்பது 3.1 முதல் 6.9 வரை எதுவாகவும் இருக்கலாம். அடுத்த வருடம் 6.2 என்று வந்தால் "மாவட்டத்தில் வேலையின்மை அதிகரிப்பு" என்று தலைப்புப் போட இடமில்லை.

மாத வித்தியாசத்தை அளக்க மட்டும் ஒரு நல்ல உத்தி இருக்கிறது. எல்லா வீடுகளையும் மாற்றாமல் ஒரு பகுதியைத் தொடர்ந்து வைத்துக்கொள்வது. அமெரிக்க சர்வேயில் ஒரு வீடு 4 மாதம் உள்ளே, 8 மாதம் வெளியே, மறுபடி 4 மாதம் உள்ளே. இதனால் அடுத்தடுத்த மாதங்களில் முக்கால்வாசி வீடுகள் பொது. ஒரே ஆட்களை ஒப்பிடுவதால் வித்தியாசத்தின் பிழை குறைகிறது. அப்படியும், சுமார் 60,000 வீடுகள் கொண்ட அந்த சர்வேயில் மாத மாற்றம் 0.2 புள்ளியளவு இருந்தால்தான் 90 சதவீத நம்பிக்கையில் பொருளுள்ள மாற்றமாகக் கொள்வார்கள். 0.1 ஏறியது, 0.1 இறங்கியது என்ற செய்திகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்தால் பாதி பரபரப்பு அடங்கிவிடும்.

இந்தியாவும் 2025 ஜனவரியிலிருந்து ஒரு வீட்டை நான்கு தொடர் மாதங்கள் சந்திக்கும் முறைக்கு மாறியது. மாதாந்திர விகிதம் வெளிவரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

கதவு திறக்காத வீடுகள்

சாம்பிள் பிழையைச் சூத்திரம் போட்டு எழுதிவிடலாம். பதில் சொல்லாதவர்களால் வரும் பிழைக்குச் சூத்திரம் கிடையாது, ஆபத்து அங்கேதான் அதிகம்.

உண்மை விகிதம் 5. வேலையில் இருப்பவர்களில் 90 சதவீதமும் வேலையில்லாதவர்களில் 88 சதவீதமும் பதில் சொன்னால் சர்வேயில் தெரிவது 4.9. பாதகமில்லை. இதுவே 60-ம் 50-ம் ஆகக் குறைந்தால் தெரிவது 4.2. சாம்பிளை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் இந்த 0.8 மறையாது. எடையிட்டுச் சரிசெய்வார்கள்: வயது, பாலினம், வட்டாரம் வாரியாக மக்கள்தொகைக்குப் பொருத்துவார்கள். இளைஞர்கள் குறைவாகப் பதில் சொன்னதால் வந்த பிழையை இது சரிக்கட்டும். ஒரே வயது, ஒரே ஊர் ஆட்களுக்குள் வேலையில்லாதவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டால் எடையால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தப் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பகலில் போனால் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருக்கமாட்டார், வேலையில்லாதவர் இருப்பார். விகிதம் மேலே போகும். அடிக்கடி இடம் மாறுகிறவர், கட்டுமான இடத்துக் கொட்டகையில் தங்குபவர், விடுதியில் இருப்பவர் ஆகியோர் வீட்டுப் பட்டியலிலேயே விடுபடுவார்கள். அவர்கள் இல்லாத எண் எந்தத் திசையிலும் போகலாம்.

பிரிட்டனில் நடந்ததைப் பார்த்தால் இது ஏட்டுக் கவலை இல்லை என்பது புரியும். அங்கே தொழிலாளர் படை சர்வேயின் பதிலளிப்பு விகிதம் 2023 ஜூலை-செப்டம்பர் காலாண்டில் 17.3 சதவீதமாக விழுந்தது. ஆறு வீட்டில் ஒரு வீடு. அந்த அக்டோபரில் வழக்கமான வெளியீட்டையே தேசியப் புள்ளியியல் அலுவலகம் நிறுத்தியது. 2024 பிப்ரவரியில் புதிய எடைகளோடு மீண்டும் வெளியிட்டபோதும் முழுத் தரச் சான்று திரும்பவில்லை. வட்டி விகிதத்தை முடிவு செய்யும் மத்திய வங்கிக்கே நம்பிப் பிடிக்க ஓர் எண் இல்லாமல் போனது. அமெரிக்காவில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் 90 சதவீதத்தை ஒட்டியிருந்த பதிலளிப்பு இப்போது 70-க்கும் கீழே. ஒரு சர்வேயைக் கையில் எடுத்ததும் விகிதத்தைப் பார்க்கும் முன் பதிலளிப்பு விகிதத்தையும், அது கடந்த ஐந்து வருடத்தில் எவ்வளவு சரிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சரிவு வேகமாக இருந்தால் போக்கையும் நம்ப முடியாது, ஏனென்றால் போக்கில் ஒரு பங்கு பதில் சொல்பவர்கள் மாறியதால் வந்திருக்கும்.

சிறு பிழை, பெரிய மாயை

ஒரு வீட்டில் ஒருவர் எல்லோருக்குமாகப் பதில் சொல்வது எங்கும் நடைமுறை. மகன் போன வாரம் இணையத்தில் விண்ணப்பம் போட்டது அப்பாவுக்குத் தெரியாது. "சும்மாதான் இருக்கிறான்" என்பார். மகன் தொழிலாளர் படைக்கு வெளியே போய்விடுவான். வேலையில் இருப்பதா இல்லையா என்பதில் இத்தகைய குழப்பம் குறைவு. தேடுகிறாரா இல்லையா என்பதில்தான் அதிகம்.

இது எண்களை என்ன செய்கிறது என்று பார்ப்போம். 10,000 பேர் கொண்ட ஓர் இடம். 5,700 பேர் வேலையில், 300 பேர் வேலையின்றி, 4,000 பேர் தொழிலாளர் படைக்கு வெளியே. உண்மை விகிதம் 5.0. வேலையில்லாதவர்களில் 12 சதவீதம் பேர் தவறாக "வெளியே" என்று பதிவாகிறார்கள்: 36 பேர். வெளியே இருப்பவர்களில் 1 சதவீதம் பேர் தவறாக "வேலையில்லாதவர்" ஆகிறார்கள்: 40 பேர். சர்வேயில் தெரியும் வேலையில்லாதவர் 304, விகிதம் 5.1. பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன.

அடுத்த மாதமும் யாருடைய நிலையும் மாறவில்லை, அதே அளவு பிழை, ஆனால் வேறு ஆட்கள்மேல். இரண்டு மாதத்தையும் இணைத்துப் பார்த்தால், முதல் மாதம் வேலையில்லாதவராகத் தெரிந்த 304 பேரில் சுமார் 71 பேர் "தேடுவதை விட்டுவிட்டார்கள்". எதிர்த்திசையிலும் அதே எண்ணிக்கை. ஒருவர்கூட நகராத இடத்தில் ஏறத்தாழ கால்வாசி பேர் நகர்ந்ததாகத் தெரிகிறது. விரக்தியில் தேடலைக் கைவிட்டவர்கள் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது, மறுநேர்காணல் கொண்டு இந்தப் பிழையைக் கழித்தார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

களத்தில் ஒரே வகைப் பிழை ஒரே பக்கம் குவிந்தால் விகிதமும் தப்பாது. 2020 ஏப்ரலில் அமெரிக்க வேலையின்மை 14.7 சதவீதம் என்று வெளியானது. பெருந்தொற்றால் மூடப்பட்ட இடங்களில் பணிபுரிந்தவர்களைத் தற்காலிக வேலைநீக்கம் என்று குறிக்கும்படி களப்பணியாளர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பலர் "வேலை இருக்கிறது, வேறு காரணத்தால் வரவில்லை" என்றே பதிவானார்கள். அவர்களைச் சரியாகச் சேர்த்திருந்தால் விகிதம் கிட்டத்தட்ட 5 புள்ளி கூடியிருக்கும் என்று வெளியீட்டிலேயே குறிப்பு இருந்தது. பதிந்த விடைகளை அலுவலகத்தில் உட்கார்ந்து திருத்துவதில்லை என்ற விதிப்படி எண்ணை மாற்றவில்லை. அது சரியான முடிவுதான். குறிப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

மற்ற வழிகள்

வேலையில்லாதோர் பதிவேடு மாதம் தவறாமல் வரும், சாம்பிள் பிழை இல்லை, சின்ன ஊருக்கும் எண் கிடைக்கும், செலவும் இல்லை. ஆனால் அது சட்டத்தை அளக்கிறது. ஜெர்மனியில் வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவரும் வேலையில்லாதவராகப் பதிந்திருக்கலாம். அதனால் பதிவு எண்ணிக்கை சர்வே எண்ணிக்கையைவிட மிக அதிகம், சமீப ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2005 ஜனவரியில் உதவித்தொகை விதிகள் மாறியதும் அங்கே பதிவு 50 லட்சத்தைத் தாண்டியது. உதவித்தொகை வாங்கிவந்த பலர் புதிதாகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டதும் அந்த ஏற்றத்துக்கு ஒரு பெரிய காரணம். விதி இறுகினால் நேரெதிர்: உதவி கிடைக்காதவருக்குப் பதிவதில் லாபமில்லை, எண் தானாகக் குறையும். அரசு வேலைக்கான மூப்புக்காகப் பதிவைப் புதுப்பித்துவரும் இடங்களில், வேலையில் இருப்பவரே பட்டியலில் நிரம்பியிருப்பார். வேலையின்மை எவ்வளவு என்று சொல்லப் பதிவேட்டை எடுக்கக் கூடாது. விதி மாறாத காலத்தில் திசை காட்ட மிக நல்லது.

சம்பளப் பட்டியலும் நிறுவன சர்வேயும் வேலைகளை எண்ணுகின்றன, ஆட்களை எண்ணுவதில்லை. இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர் இரண்டு. சுயதொழில் செய்பவர் பூஜ்யம். வேலையில்லாதவரும் பூஜ்யம், ஆகவே இதிலிருந்து வேலையின்மை விகிதத்தை வருவிக்கவே முடியாது. வேலைகள் கூடுகின்றனவா என்று மட்டும் கேட்டால் வீட்டு சர்வேயைவிட இது எவ்வளவோ மேல்: அமெரிக்க நிறுவன சர்வேயில் மாத வேலை மாற்றத்தின் பிழை எல்லை ஒன்றே கால் லட்சத்தை ஒட்டியது, வீட்டு சர்வேயில் அது சுமார் ஆறு லட்சம். இந்தியாவின் வருங்கால வைப்பு நிதிச் சேர்க்கை எண்களில் மட்டும் கவனம் தேவை. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்குத்தான் சட்டம் கட்டாயம். 19 பேர் இருந்த இடத்தில் ஒருவர் சேர்ந்ததும் 20 பேரும் புதிய சந்தாதாரராகத் தெரிவார்கள். உருவான வேலை ஒன்று.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊர் வாரியாகத் தரும், ஆனால் பத்து வருடத்துக்கு ஒருமுறை. இரண்டு மூன்று கேள்வியில் வேலையைப் பிடிக்க முயல்வதால் பெண்களின் வேலை நிறைய நழுவும். தனியார் நடத்தும் தொலைபேசி, இணைய சர்வேக்கள் வேகமானவை. வரையறையும் சாம்பிள் எடுத்த விதமும் முழுதாக வெளியிடப்பட்டிருந்தால், அதே தொடருக்குள் ஏற்ற இறக்கம் பார்க்கப் பயன்படும். அரசு சர்வேயின் எண்ணோடு அளவை ஒப்பிடுவது வீண் வேலை.

ஆக, நாட்டளவிலான விகிதம், ஆண்-பெண், வயது வித்தியாசம், போதிய மணி நேரம் கிடைக்காதவர்களின் கணக்கு ஆகியவற்றுக்கு வீட்டு சர்வேயைத் தவிர வேறு வழியில்லை. காலாண்டுப் போக்குக்கும் அதுவே, பதிலளிப்பு நிலையாக இருக்கும்வரை. மாதத் திசைக்குப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றும் ஒரே பக்கம் போனால் நம்பலாம். மாவட்ட நிதிப் பங்கீடு போன்ற முடிவுக்கு மூன்று நான்கு வருட சர்வேயைச் சேர்த்துச் சராசரி எடுப்பது, அல்லது பதிவேட்டைத் துணைத் தகவலாக வைத்துச் சிறு பகுதி மதிப்பீடு செய்வது. ஒரு வருட மாவட்ட எண்ணைத் தனியே எடுத்து மாவட்டங்களை வரிசைப்படுத்தும் பட்டியல் எதையும் நம்ப வேண்டாம்.

சொந்தமாக எடுப்பதென்றால்

ஒரு மாவட்டத்தில் 5 சதவீதத்தை ±1 புள்ளிக்குள் அளக்க, கொத்துக் கொத்தாக எடுப்பதால் குறையும் தகவலுக்கு ஈடாக சாம்பிளை 1.8 மடங்காக்கினால், தொழிலாளர் படையினர் சுமார் 3,285 பேர் வேண்டும். வீட்டுக்குச் சராசரி 1.8 பேர் என்றால் 1,825 வீடுகள் பதில் சொல்ல வேண்டும். 80 சதவீதப் பதிலளிப்புக்கு 2,280 வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொத்துக்கு 12 வீடு என்றால் 190 கொத்துகள். 40 கொத்தில் 57 வீடு என்று சுருக்கினால் பயணச் செலவு குறையும், பிழை எல்லை வீங்கும்.

ஒவ்வொரு கொத்திலும் வீட்டுப் பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். பழைய பட்டியலில் புதுக் குடியேறிகள் இருக்கமாட்டார்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்க அனுமதிக்காதீர்கள். மூன்று முறை போகட்டும், ஒன்று மாலையில், ஒன்று ஞாயிற்றுக்கிழமை. "வேலை செய்தீர்களா" என்பதற்கு "இல்லை" என்று வந்தால் அங்கே நிற்கக் கூடாது: குடும்பக் கடையில் உதவியது, விற்பனைக்கு மாடு வளர்த்தது, வீட்டில் துணி தைத்தது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த ஒரு துணைக் கேள்வியால் பெண்களின் எண்ணிக்கை கணிசமாக மாறும். பத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு வாரத்துக்குள் வேறொருவரை அனுப்பி அதே குறிப்பு வாரத்தைப் பற்றி மறுபடி கேளுங்கள். பதில் சொன்னது அவரேவா வேறொருவரா என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும். சாம்பிளில் 30-க்கும் குறைவான வேலையில்லாதவர்களே கிடைத்த பிரிவுக்கு விகிதம் வெளியிடாதீர்கள்.

நடுவில் கேள்வித்தாளை மாற்ற நேர்ந்தால் பழையதையும் புதியதையும் சில மாதம் சேர்த்து ஓட்ட வேண்டும். அதிலும் ஒரு வலை உண்டு. 1994-இல் அமெரிக்க சர்வே புதிய கேள்வித்தாளுக்கு மாறும் முன், தனியாக 12,000 வீடுகளில் ஒன்றரை வருடம் சோதித்தார்கள். புதிய முறை விகிதத்தை அரைப் புள்ளி உயர்த்தும் என்று வந்தது. மாறிய பிறகு, பழைய கேள்வித்தாளை அந்தச் சோதனை சாம்பிளுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தபோது, அந்த சாம்பிளே அதிக வேலையின்மை காட்டும் தன்மை கொண்டது என்று தெரிந்தது. கேள்வித்தாளின் பங்கு மிகச் சிறியது. ஆகவே ஒப்பிட்டு ஓட்டும்போது சாம்பிளைப் பாதியாகப் பிரித்து, எந்த வீட்டுக்கு எந்தக் கேள்வித்தாள் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள்.